40 எக்ஸ் எல்லாம் ஒரே 40 எக்ஸ் இல்ல: மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு மேட்சிங் சென்டர்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம், சில இடங்களில் வரிசையை மாற்றியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். விருந்தினர் தென் சென்னையில் பல வருடங்களாக ஆய்வக மைக்ரோஸ்கோப்புகளைப் பராமரித்து வருபவர். சம்பவத்தில் வரும் ஆய்வகம் யாருடையது என்று தெரிய வேண்டாம் என்பதால், அவர் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரையும் போடவில்லை.)

ஹோஸ்ட்: போன வாரம் அம்மாகூட தி.நகர் போயிருந்தேன். கையில ஒரு புடவை, அதுக்கு மேட்சிங் பிளவுஸ் துணி வேணும். கடைக்காரர் பதினஞ்சு மெரூன் எடுத்துப் போட்டார். என் கண்ணுக்குப் பதினஞ்சும் ஒண்ணுதான். அம்மா ஒரு துணியை வாசலுக்கு எடுத்துட்டுப் போய் வெயில்ல வச்சுப் பார்த்துட்டு, "இது இல்ல"ன்னுட்டாங்க. இன்னைக்கு எபிசோடும் கிட்டத்தட்ட அந்தக் கதைதான். துணிக்குப் பதிலா பிரிசம், புடவைக்குப் பதிலா ஆப்ஜெக்டிவ். அக்கா, வாங்க.

அக்கா: நல்ல உதாரணம்தான். ஒரே வித்தியாசம், பிளவுஸ் மேட்ச் ஆகலைன்னா பார்க்கிறவங்க சொல்லிடுவாங்க. பிரிசம் மேட்ச் ஆகலைன்னா யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம சாம்பிள்தான் சரியில்லன்னு நாமளே நினைச்சுக்குவோம்.

ஹோஸ்ட்: அதுல இருந்தே ஆரம்பிக்கலாம். என்ன நடந்துச்சு?

அக்கா: ஒரு ஆராய்ச்சி மாணவி. புழு வச்சு வேலை. ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கிற, கண்ணாடி மாதிரி புழு. அதை உயிரோட, சாயம் போடாம பார்க்கணும். அவங்க லேப்ல டிஐசி வசதியோட ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது. நாலு மாசம் பார்த்தாங்க. படம் சாம்பல் பூசின மாதிரியே வந்தது. செல் ஓரம் தெரியல, நியூக்ளியஸ் தெரியல. ஸ்லைடை மாத்தினாங்க, புழு வளர்க்கிற முறையை மாத்தினாங்க. கடைசியில அவங்க கைடு, "உனக்கு இந்தக் கை வேலை வராது போல, வேற தலைப்பு எடு"ன்னு சொல்லிட்டார். என்கிட்ட வந்தப்போ அந்தப் பொண்ணு ஊருக்கே திரும்பிப் போயிடலாம்னு இருந்தாங்க.

ஹோஸ்ட்: சரி, காரணம் என்னன்னு கடைசியில கேட்டுக்கிறேன். அதுக்கு முன்னாடி, டிஐசின்னா என்ன?

இரண்டு கால், ஒரு சரிவு

அக்கா: டிஃபரன்ஷியல் இன்டர்ஃபியரன்ஸ் கான்ட்ராஸ்ட். பேரை விடு. நீ எலியட்ஸ் பீச்சில அலை வந்து தொடுற இடத்துல கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறேன்னு வை. மணல் சமமா இருந்தா ஒண்ணும் தெரியாது. சரிவா இருந்தா?

ஹோஸ்ட்: ஒரு கால் தாழ்ந்திருக்கும்.

அக்கா: தரை கடல் மட்டத்துல இருந்து எத்தனை அடின்னு உனக்குத் தெரியாது. ஆனா எந்தப் பக்கம் சரியுதுன்னு தெரியும். டிஐசி செய்யறது அதுதான். ஒளியை ரெண்டு காலாப் பிரிச்சு சாம்பிள்மேல நடக்க விடுது. ரெண்டும் ரொம்ப ரொம்பப் பக்கத்துல. ஒரு கால் செல்லோட ஓரத்துல, இன்னொரு கால் வெளியே தண்ணியில. செல்லுக்குள்ள போற ஒளி கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமத வித்தியாசம் வெளிச்சமாவும் இருட்டாவும் மாறுது. அதனாலதான் டிஐசி படத்துல செல் எல்லாம் புடைப்புச் சிற்பம் மாதிரி, ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழலாத் தெரியும்.

ஹோஸ்ட்: அப்போ அந்தப் புடைப்பு நிஜமான மேடு பள்ளம் இல்லையா?

அக்கா: இல்ல. அது ஒளிப் பாதையோட சரிவு. இடம் தடிமனா இருந்தாலும் தாமதம், அடர்த்தியா இருந்தாலும் தாமதம். ரெண்டையும் அந்தப் படத்தை மட்டும் வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. அப்புறம், ரெண்டு கால் எந்தத் திசையில விரிஞ்சிருக்கோ அந்தத் திசைச் சரிவு மட்டும்தான் தெரியும். அதனாலதான் சாம்பிளைச் சுத்திச் சுத்திப் பார்க்கச் சொல்றோம்.

ஹோஸ்ட்: ஒளியை எப்படி ரெண்டாப் பிரிக்கிறது?

அக்கா: கீழிருந்து மேல வரிசையாச் சொல்றேன். முதல்ல ஒரு போலரைசர். ஒளியை ஒரே தளத்துல ஆடவைக்கும். அடுத்தது கண்டென்சருக்குக் கீழே ஒரு பிரிசம். குவார்ட்ஸ் மாதிரி படிகத்துல ரெண்டு ஆப்பு வெட்டி ஒட்டினது. ஸ்கூல்ல பார்த்த முக்கோணப் பிரிசம் இல்ல, பார்க்கிறதுக்குச் சின்ன கண்ணாடிப் பலகை மாதிரி இருக்கும். அது ஒளியை, ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா ஆடுற ரெண்டு கதிராப் பிரிக்கும். கண்டென்சர் அந்த ரெண்டையும் இணையா சாம்பிளுக்குள்ள அனுப்பும். அப்புறம் ஆப்ஜெக்டிவ், பாடப் புத்தகத்துல பொருளருகு வில்லைன்னு படிச்சோமே, அது. அதுக்கு மேல ரெண்டாவது பிரிசம். அது பிரிஞ்ச ரெண்டையும் திரும்பச் சேர்க்கும். கடைசியா அனலைசர். செங்குத்தா ஆடுற ரெண்டு கதிரையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தாதான் அதுங்க ஒண்ணோட ஒண்ணு குறுக்கிடும்.

ஹோஸ்ட்: கீழ பிரிக்கிறது ஒண்ணு, மேல சேர்க்கிறது ஒண்ணு. இந்த ரெண்டும்தான் ஜோடி.

அக்கா: ரெண்டு இல்ல, மூணு. நடுவுல இருக்கிற ஆப்ஜெக்டிவும் சேர்த்தி. அதைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க.

ஒரு சாண், ஐந்து கிலோமீட்டர்

ஹோஸ்ட்: கொஞ்சம் கணக்காச் சொல்லுங்க. பயப்படாம கேட்கிறோம்.

அக்கா: பெருக்கல் மட்டும்தான். பிரிசம் கொடுக்கிறது ஒரு கோணம். சாம்பிள்ல நமக்கு வேண்டியது ஒரு தூரம், அதாவது ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. கோணத்தை லென்ஸோட குவியத் தூரத்தால பெருக்கினா அந்த இடைவெளி வரும். கீழ, கண்டென்சர் குவியத் தூரமும் கீழ்ப் பிரிசக் கோணமும் பெருக்கு. மேல, ஆப்ஜெக்டிவ் குவியத் தூரமும் மேல் பிரிசக் கோணமும் பெருக்கு. ரெண்டு விடையும் ஒண்ணா இருக்கணும். இதுதான் மொத்த மேட்சிங்கும்.

ஹோஸ்ட்: அந்த இடைவெளி எவ்வளவு இருக்கும்?

அக்கா: ஆப்ஜெக்டிவ் பிரிச்சுக் காட்டக்கூடிய மிகச் சின்ன தூரத்தை ஒட்டி வைப்பாங்க. அதைவிட ரொம்ப அதிகமானா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். ரொம்பக் குறைஞ்சா வித்தியாசமே இல்லாம படம் செத்துடும். உதாரணத்துக்கு 0.25 மைக்ரோமீட்டர்னு வை. 40 எக்ஸ் ஆப்ஜெக்டிவ், குவியத் தூரம் 5 மில்லிமீட்டர். அப்போ மேல் பிரிசத்தோட கோணம், ஒரு டிகிரியை 3600 பங்காப் போட்டா அதுல சுமார் பத்துப் பங்கு.

ஹோஸ்ட்: அது எவ்வளவு சின்னதுன்னு எப்படிப் புரிஞ்சிக்கிறது?

அக்கா: கபாலி கோயில் கோபுரத்து மேல நின்னு சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, பெசன்ட் நகர் பக்கம் ஒருத்தர் கையை விரிச்சு ஒரு சாண் காட்டுறார்னு வை. அந்தச் சாண் உன் கண்ணுல எவ்வளவு கோணமோ, அதுதான். அதைப் படிகத்துல வெட்டணும். கீழ இன்னொண்ணு வெட்டி ரெண்டும் கணக்குல ஒத்துப்போகணும்.

ஹோஸ்ட்: சரி, 40 எக்ஸ்னு எழுதியிருக்கிற எந்த ஆப்ஜெக்டிவுக்கும் 40 எக்ஸ் பிரிசம் பொருந்தாதா?

அக்கா: இங்கதான் நிறைய பேர் பணத்தை விடறாங்க. இப்ப வர்ற மைக்ரோஸ்கோப்கள்ல ஆப்ஜெக்டிவோட பெருக்கம், உள்ளே இருக்கிற டியூப் லென்ஸைப் பொறுத்தது. நிக்கானிலும் லைக்காவிலும் டியூப் லென்ஸ் 200 மில்லிமீட்டர். ஒலிம்பஸ்ல 180. சைஸ்ல கிட்டத்தட்ட 165. நாற்பதால வகுத்துப் பாரு. நிக்கான் 40 எக்ஸோட குவியத் தூரம் 5 மில்லிமீட்டர். ஒலிம்பஸ் 4.5. சைஸ் 4.1 சொச்சம். பேர் ஒண்ணு, உடம்பு வேற.

ஹோஸ்ட்: வெயில்ல வச்சுப் பார்த்தாதான் தெரியற மெரூன்!

அக்கா: அதேதான். இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. பிரிசத்தை ஆப்ஜெக்டிவோட பின் குவியத் தளத்துல வைக்கணும். பெரிய ஆப்ஜெக்டிவ்கள்ல அந்தத் தளம் லென்ஸ்களுக்கு நடுவுல, உள்ளே மாட்டிக்கிட்டிருக்கும். அங்க எப்படிப் பிரிசம் வைப்ப? 1940-களோட கடைசியில பிரிட்டன்ல ஸ்மித்ங்கிறவர் இந்த யோசனையை முதல்ல கொண்டுவந்தப்போ, வழக்கமான வொல்லாஸ்டன் பிரிசத்தைத்தான் பயன்படுத்தினார். அது சேர்க்கிற இடம் பிரிசத்துக்கு உள்ளேயே இருக்கும். அதனால பிரிசத்தை ஆப்ஜெக்டிவுக்குள்ளேயே பொருத்த வேண்டியிருந்தது. 1950-கள்ல போலந்துல பிறந்து பாரிஸ்ல வேலை செஞ்ச ஜார்ஜ் நோமார்ஸ்கி ஒரு ஆப்போட படிக அச்சைச் சாய்ச்சு வெட்டினார். அப்போ கதிர்கள் சேர்ற இடம் பிரிசத்துக்கு வெளியே வந்துடுச்சு. பிரிசத்தைத் தள்ளி வச்சாலும் வேலை நடக்கும். இன்னைக்கு எல்லாரும் பழக்கத்துல நோமார்ஸ்கின்னே சொல்றது அதனாலதான். ஆனா அந்தச் சாய்வும் எந்த ஆப்ஜெக்டிவுக்காக வெட்டினாங்களோ அதுக்குத்தான். தூரம் மாறினா படத்துல ஒரு மூலை வெளிச்சம், ஒரு மூலை இருட்டுன்னு வரும்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பழக்கம்

ஹோஸ்ட்: கம்பெனிகள் இதை எப்படிச் சமாளிக்கிறாங்க?

அக்கா: நிக்கான்ல பெரும்பாலும் ஒவ்வொரு ஆப்ஜெக்டிவுக்கும் தனித்தனியா மேல ஒரு ஸ்லைடர். சைஸ்லயும் மேல ஒவ்வொண்ணுக்கும் தனி ஸ்லைடர், ஆனா கீழ ரோமன் எழுத்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சில பிரிசம்தான். மேல் ஸ்லைடர்ல அந்த ரோமன் எண்ணையும் பொறிச்சிருப்பாங்க. ஒலிம்பஸ் வழி வேற. மேல பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்லைடர், கீழ ஆப்ஜெக்டிவுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்.

ஹோஸ்ட்: மேல ஒண்ணே எப்படி எல்லாத்துக்கும் போதும்?

அக்கா: கோணம் மாறாது, ஆனா குவியத் தூரம் மாறுதே. 10 எக்ஸுக்கு 18 மில்லிமீட்டர், 100 எக்ஸுக்கு 1.8. அதே கோணத்துக்கு இடைவெளி தானாப் பத்துல ஒண்ணாக் குறையும். பெருக்கம் அதிகமாக அதிகமாச் சின்ன இடைவெளிதானே நமக்கு வேணும்? அதனால நடக்கும். ஆனா கீழ அதுக்கேத்த பிரிசம் இருக்கணும், ஆப்ஜெக்டிவ்களோட பின் குவியத் தளமும் ஏறக்குறைய ஒரே உயரத்துல இருக்கணும். அந்தக் குடும்பத்துக்கு வெளியே ஒரு ஆப்ஜெக்டிவ் கொண்டுவந்து மாட்டினா கணக்கு உடைஞ்சிடும்.

ஹோஸ்ட்: மேட்ச் ஆகலைன்னா படம் ஏன் சாம்பலாகுது? ஒண்ணும் தெரியாமப் போகணும், இல்லன்னா ரெண்டாத் தெரியணும். சாம்பல் எங்கிருந்து?

அக்கா: நல்ல கேள்வி. கண்டென்சர்ல இருந்து ஒளி ஒரே திசையில வரல. இடது ஓரம், வலது ஓரம், நடுன்னு எல்லாத் திசையிலும் வருது. ஒவ்வொரு திசைக்கும் ஒரு ஜோடிக் கால். மேட்ச் ஆனா, காலியான இடத்துல எல்லா ஜோடியும் ஒரே வித்தியாசத்தோட வந்து சேரும். சபாவுல எல்லாரும் ஒரே சுருதி. மேட்ச் ஆகலைன்னா இடது ஓரத்து ஜோடிக்குக் கொஞ்சம் கூட, வலது ஓரத்து ஜோடிக்குக் கொஞ்சம் குறைய. ஒவ்வொருத்தரும் ஒரு சுருதி. கேமரா எல்லாத்தையும் கூட்டி ஒரே படமாக் கொடுக்குது. வெளிச்சமும் நிழலும் ஒண்ணையொண்ணு அடிச்சு மிஞ்சறது சாம்பல்.

அதனாலதான் கண்டென்சர் துவாரத்தைச் சின்னதாக்கினா படம் கொஞ்சம் தேறின மாதிரி இருக்கும். ஓரத்துத் திசைகளை வெட்டிட்டோம்ல? ஆனா கூடவே நுணுக்கமும் போயிடும். அந்தப் பொண்ணு நாலு மாசமும் அப்படித்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

ஐபீஸைக் கழற்றிப் பார்

ஹோஸ்ட்: அப்போ சொல்லுங்க. என்ன கண்டுபிடிச்சீங்க?

அக்கா: முதல்ல நான் சாம்பிளைப் பார்க்கவே இல்ல. ஐபீஸைக் கழட்டிட்டு டியூபுக்குள்ள பார்த்தேன். ஆப்ஜெக்டிவோட பின் வாய் ஒரு சின்ன வட்டமாத் தெரியும். பெர்ட்ராண்ட் லென்ஸ் இருந்தா இன்னும் வசதி. இதை எல்லாரும் செஞ்சு பார்க்கலாம். வரிசையாச் சொல்றேன், எழுதிக்கோங்க.

ஒண்ணு: ரெண்டு பிரிசத்தையும் வெளியே எடுத்துட்டு, போலரைசரையும் அனலைசரையும் குறுக்கா வைங்க. வட்டத்துல கருப்புச் சிலுவை மாதிரி ஒண்ணு தெரியணும். அதுக்குப் பதிலா திட்டுத் திட்டா வெளிச்சம் தெரிஞ்சா ஆப்ஜெக்டிவ் கண்ணாடியில இறுக்கம் இருக்கு. அது டிஐசிக்கு ஆகாது.

ரெண்டு: மேல் பிரிசத்தை மட்டும் உள்ளே விடுங்க. வட்டத்துக்குக் குறுக்கே சாய்வா ஒரு கருப்புப் பட்டை வரும்.

மூணு: அதை எடுத்துட்டுக் கீழ்ப் பிரிசத்தை மட்டும் விடுங்க. அதே சாய்வுல, அதே அகலத்துல ஒரு பட்டை வரணும்.

நாலு: ரெண்டையும் விடுங்க. ரெண்டு பட்டையும் ஒண்ணையொண்ணு அழிச்சு, வட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே நிறமா ஆகணும். பட்டை மிச்சமிருந்தா ஜோடி தப்பு.

ஹோஸ்ட்: அங்க என்ன தெரிஞ்சது?

அக்கா: மேல் பிரிசத்துக்கு அகலமா ஒரு பட்டை. கீழ்ப் பிரிசத்துக்கு அதைவிட ஒடுக்கமா இன்னொண்ணு. ரெண்டையும் சேர்த்தா பட்டை அப்படியே நிக்குது. கண்டென்சர் வளையத்துல 40-ன்னுதான் காட்டுது. கழட்டிப் பார்த்தா உள்ளே இருந்தது வேற ஆப்ஜெக்டிவோட பிரிசம். எப்போவோ யாரோ சுத்தம் பண்ணக் கழட்டியிருக்காங்க. திரும்ப மாட்டும்போது ரெண்டு பிரிசம் இடம் மாறிடுச்சு. வெளியே லேபிள் சரி, உள்ளே ஆள் வேற. மாத்திப் போட கால் மணி நேரம்கூட ஆகல.

ஹோஸ்ட்: நாலு மாசம், கால் மணி நேரம்!

அக்கா: அந்தப் பொண்ணு புழுவைத் திரும்ப வச்சுப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அக்கா, இதெல்லாம் முன்னாடியே இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இருந்துச்சு. அவங்க கையும் சரியாத்தான் இருந்துச்சு.

ஜான் சல்ஸ்டன் இதே வகைப் புழுவை, சி. எலிகன்ஸை, கேம்பிரிட்ஜ்ல நோமார்ஸ்கி மைக்ரோஸ்கோப் வழியா மணிக்கணக்கா உட்கார்ந்து பார்த்து, எந்தச் செல் எதிலிருந்து பிறந்ததுன்னு வம்சாவளி போட்டார். வளர்ந்த புழுவுல 959 உடல் செல். அந்தக் கட்டுரைகள் 1977-லயும் 1983-லயும் வந்தது. 2002-ல பிரென்னர், ஹார்விட்ஸோட சேர்த்து அவருக்கு நோபல். கண்ணும் பொறுமையும் அவரோடது. ஆனா அவர் பிரிசமும் மேட்சா இருந்திருக்கணும்ல?

அடையாறு தோலும் தி.நகர் போர்டுகளும்

ஹோஸ்ட்: எல்லாம் மேட்சா இருந்தும் படம் கெடுமா?

அக்கா: கெடும். பிரிசம் மாதிரியே சாம்பிளும் ஒளியை ரெண்டாப் பிரிச்சா என்ன பண்றது? நம்ம அடையாறு சர்தார் படேல் ரோட்ல சிஎல்ஆர்ஐ இருக்கு, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோலோட முக்கியமான புரதம் கொலாஜன். அது மூணு இழை முறுக்கின கயிறுன்னு 1954-ல மெட்ராஸ் பல்கலைக்கழகத்துல இருந்து சொன்னவங்க ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஒரே திசையில அடுக்கின அந்தக் கயிறுகள் போலரைஸ்டு ஒளியைத் தானே பிரிக்கும். கொலாஜன் நிறைஞ்ச சாம்பிளை டிஐசியில வச்சா, தெரியற வெளிச்சத்துல எது சரிவு, எது கயிறோட வேலைன்னு சொல்றது கஷ்டம். இந்தப் படிக ஒளியியல் விஷயத்துலயும் ராமச்சந்திரன் பெரிய ஆள். எஸ். ராமசேஷனோட சேர்ந்து 1961-ல கிரிஸ்டல் ஆப்டிக்ஸ்னு ஒரு பெரிய ஆய்வுரையே எழுதினார்.

ஹோஸ்ட்: பிளாஸ்டிக்கும் அப்படித்தான்னு கேள்விப்பட்டேன்.

அக்கா: அது எல்லாருக்கும் சம்பந்தப்பட்டது. தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் எங்க பார்த்தாலும் ஃபெர்ட்டிலிட்டி சென்டர் போர்டு இருக்கு. உள்ளே இக்ஸின்னு ஒண்ணு செய்வாங்க. சுமார் பத்துல ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள முட்டைக்குள்ள ஒரே ஒரு விந்தணுவை ஊசியால விடறது. முட்டை இருக்கிற தட்டு பெரும்பாலும் பிளாஸ்டிக். அதுல டிஐசி போட்டா தட்டோட இறுக்கம்தான் படமா வரும். அதனால நிறைய இடத்துல ஹாஃப்மன் முறை. ராபர்ட் ஹாஃப்மன் 1975-ல கொண்டுவந்தது. கண்டென்சர் பக்கம் ஒரு பிளவு, ஆப்ஜெக்டிவுக்குள்ள சாம்பல் பட்டை போட்ட ஒரு தட்டு. போலரைசர் எல்லாம் சாம்பிளுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், அதனால பிளாஸ்டிக் தொந்தரவு இல்ல. படமும் புடைப்பாவே வரும்.

ஹோஸ்ட்: அப்பாடா, அங்க மேட்சிங் தொல்லை இல்ல.

அக்கா: இருக்கே! ஒவ்வொரு ஆப்ஜெக்டிவுக்கும் அதுக்கான பிளவுதான் போடணும். பிளவோட பிம்பம் அந்தச் சாம்பல் பட்டை மேல சரியா விழணும். முறை மாறும், மேட்சிங் மாறாது.

வாங்குறதுக்கு முன்னாடி

ஹோஸ்ட்: செகண்ட் ஹேண்ட்ல வாங்க நினைக்கிற சின்ன லேப், காலேஜ் எல்லாம் கேட்கிறாங்க. என்ன சொல்வீங்க?

அக்கா: "டிஐசி இருக்கு"ன்னு சொன்னா நம்பாதீங்க. போலரைசர், கீழ்ப் பிரிசம், மேல் பிரிசம், அனலைசர், அதே குடும்பத்து கண்டென்சர், டிஐசி இல்லன்னா போல்னு பொறிச்ச ஆப்ஜெக்டிவ், ஆறும் இருக்கா பாருங்க. பொறிச்சிருக்கிற எழுத்து எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. முடிஞ்சா, ஐபீஸைக் கழட்டி நான் சொன்ன நாலு படமும் கேளுங்க. தனியாக் கிடைக்கிற பிரிசம் விலை குறைவா இருக்குன்னு வாங்காதீங்க. ஜோடி இல்லாத செருப்பு அது.

ஏற்கெனவே மைக்ரோஸ்கோப் இருக்கிறவங்க, யார் பிரிசத்தைக் கழட்டினாலும் எந்தக் குழியில என்ன இருந்ததுன்னு ஒரு நோட்டுல எழுதி மைக்ரோஸ்கோப் பக்கத்துலயே வைங்க. அந்த லேப்ல இப்போ அந்த நோட்டு இருக்கு. முதல் பக்கம் அந்தப் பொண்ணு எழுதினது.

ஹோஸ்ட்: மைக்ரோஸ்கோப்பே இல்லாத எங்களுக்கு?

அக்கா: லேப்டாப்ல வெள்ளைத் திரை வை. அதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியைப் பிடி. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டுத் தலையைச் சாய்ச்சுப் பாரு. வெறும் கண்ணுக்குத் தெரியாத வானவில் மூடி முழுக்கத் தெரியும். அது பிளாஸ்டிக்குக்குள்ள உறைஞ்சு நிக்கிற இறுக்கம். டிஐசி ஏன் கண்ணாடியைக் கேக்குதுன்னு அப்போ புரியும்.

ஹோஸ்ட்: செஞ்சு பார்த்துட்டு எங்களுக்குப் படம் அனுப்புங்க. அக்கா, அந்தப் பொண்ணு இப்போ?

அக்கா: அதே தலைப்புதான், அதே புழுதான். இப்போ ஜூனியர்ஸ் வந்தா முதல் நாளே ஐபீஸைக் கழட்டச் சொல்றாங்களாம்.